பனிமலையில் ஏறின எருமை

இஞ்சேருங்கோ,

நான் தயிர் ஊத்துற மண்சட்டி வாங்க வவுனியாவுக்குப் போறன். குசினியில புட்டும் கத்தரிக்காய்க் கறியும் மூடி வச்சிருக்கு. மிச்சமிருக்கிற ஒரு சட்டித் தயிர் ஐயாத்துரை அண்ணைக்கு. அவர் வந்து கேப்பார், நீங்கள் கை வைக்காதேங்கோ.

நேற்று எங்கட தயிர்க்கடைக்கு ஏஐ வீடியோ செய்யப்போய்ச் சண்டை பிடிச்சமெல்லே. நீங்கள் "எருமைத் தயிர் விளம்பரம்" எண்டு மட்டும் எழுதினீங்கள், அது எருமையைப் பனிமலையில ஏத்திவிட்டுது. நான் சிரிச்சது பிழைதான். அதுக்காக, "உதெல்லாம் எங்களுக்குச் சரிவராது" எண்டு போனைக் கதிரையில எறியிறதே?

காலமை நான் திரும்ப எழுதிப் பாத்தன். முள்ளியவளை எண்டால் அதுக்கு என்ன தெரியும்? எங்கட ஊரைக் காணாத ஆளுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லவேணும். பச்சை வயல், காலமை வெயில், சேத்தில நிக்கிற கறுத்த எருமை, வரம்பில குந்திச் சட்டித் தயிரை அள்ளுற மனிசன், கமரா மெல்லக் கிட்டப் போகுது எண்டு எழுதினன். முதல்தரம் எருமையும் ஓடி, மனிசனும் ஓடி, எல்லாம் குழம்பிப்போச்சு. பிறகு, மனிசன்ர கை மட்டும் அசையட்டும் எண்டு எழுதினன். வடிவா வந்திட்டுது! உங்கட போனுக்கு அனுப்பியிருக்கிறன், பாருங்கோ.

சுதாஜினி

வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு ராஜினியிட்டக் குடுத்திட்டுப் போங்கோ.

இன்னுமொண்டு. வீடியோவில வாற அந்த மனிசன் எப்பிடி இருப்பார் எண்டும் எழுதவேண்டி வந்துது. உங்களைத்தான் எழுதினன்: சுருட்டை முடி, வெயிலில கறுத்த தோள், சிரிக்க வெக்கப்படுற வாய். கோவத்தோடதான் எழுதத் தொடங்கினனான். எழுதி முடிக்கேக்க கோவத்தைக் காணேல்லை.