பஸ்ஸில் வந்த மச்சான்

1986, ஜூன், ஞாயிறு இரவு

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

என் மனைவியின் அண்ணன் சேகரன் தானா ராத்தா டவுனிலிருந்து வந்திருந்தான். பங்கு விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தீபாவளிக்குப் புதுக் காரைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தி, "ஷேரப் பத்தி தோட்டத்துக் கிராணிக்கு என்னா தெரியும்?" என்று, தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் என்னைப் பார்த்து விருந்தாளிகள் முன்னால் சிரித்தவன். இன்று பஸ்ஸில் வந்தான்.

"மச்சான், மார்க்கெட்டு செத்துப்போச்சு. எவனும் வாங்க மாட்டேங்கிறான். வச்சிருக்கவா, வித்துடவா?"

எனக்குக் கவ்வாத்து ஞாபகம் வந்தது. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் ஓர் இலைகூட இருக்காது. புதிதாகப் பார்ப்பவன் செத்துவிட்டது என்பான். வேர் நன்றாக இருந்தால் தானாகத் துளிர்க்கும். அவன் வைத்திருப்பது ஒரு ரப்பர் கம்பெனியின் பங்கு. அதற்குக் கடன் இல்லை, நிலம் நிறைய இருக்கிறது. ஆபீஸுக்கு வரும் பேப்பரில் படித்திருக்கிறேன். சொல்லவில்லை.

"செத்தது செத்ததுதான்லா," என்றேன். "இன்னைக்கு வெலையில பாதிக்குக் குடுங்க. குடும்பமாச்சே, நானே எடுத்துக்கிறேன்."

அவன் கண் கலங்கியது. என் மனைவி பூரித்துப்போய் எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

கவ்வாத்து வெட்டியபின் பட்டுப்போகும் செடியும் உண்டு. இது துளிர்க்குமா என்று சத்தியமாக எனக்கும் தெரியாது. போனால் போகட்டும். துளிர்த்துவிட்டால் பெரிய விருந்து வைத்து அவனை அழைக்க வேண்டும். பஸ் காசுகூட நானே அனுப்புவேன்.