விளக்கு அணையாத கிணறு

என் சண்டைக்கார அண்ணே, என் ஆரோக்கியம் அண்ணே,

முன்பல் ஒன்று போய்விட்டது. மேல் வரிசையில், நட்டநடுவில். நீ இருந்திருந்தால் முதலில் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அப்புறம்தான் யார் அடித்தது என்று கேட்டிருப்பாய். நான் தீயணைப்பு நிலைய அதிகாரியாகி உன் நிலையத்துக்கு முதல்முறை பார்வையிட வந்தபோது, விறைப்பாகச் சல்யூட் அடித்துவிட்டு, உதடு அசையாமல், "மேடம், பல்லுல கீரை" என்றாயே. இனி அந்த இடத்தில் கீரை ஒட்டாது.

உடைத்தவன் பெயர் செல்வம். கையால் அடிக்கவில்லை, தலையால் முட்டினான். அவன் கைகளை நான்தான் கட்டச் சொல்லியிருந்தேன்.

ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம். உச்சி வெயிலில் அழைப்பு வந்தது. தண்ணீர் அடிக்குப் போய்விட்டதால், பெட்ரோல் இன்ஜினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி, ஒரு பாறைத் திட்டில் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். நம் பள்ளத்தாக்கில் எத்தனை தோட்டத்தில் இதைப் பார்த்திருக்கிறோம்! இன்ஜின் நின்றுபோயிருக்கிறது. என்னவென்று பார்க்க முருகன் இறங்கியிருக்கிறான். இறங்கியவன் ஏறவில்லை. செல்வம் அவனுடைய தம்பி.

எங்கள் வண்டியைப் பார்த்ததும் கூட்டம் அழுதது. உடனே இறங்காமல் நாங்கள் பி.ஏ. செட்டை எடுத்ததும் அதே கூட்டம் கொதித்தது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: முதுகில் காற்றுச் சிலிண்டர், முகத்தில் முகமூடி. வாரை இறுக்கி, கசிவு பார்த்து, கயிறு மாட்டி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரம், மேலே நிற்கும் தம்பிக்கு ஒரு யுகம்.

"பொம்பளைய அனுப்பி வச்சிருக்காய்ங்க பாரு, சிங்காரிச்சுக்கிட்டு நிக்குது" என்று எவனோ கத்தினான். ஒரு கல் வந்து வண்டியின் முன்கண்ணாடியில் விழுந்தது. அது நொறுங்கிய சத்தத்தில் இன்னும் நாலு பேருக்குத் தைரியம் வந்தது. எங்கள் டிரைவரின் காதில் ரத்தம்.

அப்போதுதான் ஒரு பெரியவர் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். விளக்கு அணையவில்லை.

"எரியுதுல்ல? காத்து நல்லாத்தான் இருக்கு. எறங்குங்கப்பா" என்றார் அவர்.

அண்ணே, உன் கிணற்றிலும் விளக்கு அணையவில்லை.

அன்றைக்கு நான் அங்கே இல்லை. உன்னோடு வந்தவர்கள் சொல்லிச் சொல்லி, நானே விளிம்பில் நின்று பார்த்ததுபோல ஆகிவிட்டது. வாழைத்தோட்டம். உள்ளே ஒருவன். அவன் தாய் உன் காலைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். செட் வண்டியில் இருக்கிறது. நீ விளக்கை இறக்கிப் பார்க்கிறாய். சுடர் நேராக நிற்கிறது. "அத மாட்டி முடிக்கிறதுக்குள்ள இவன் போயிருவான்டா" என்று சொல்லிவிட்டு இறங்குகிறாய். அவனைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புகிறாய். நீ அனுப்பியது பிணம் என்று உனக்குத் தெரியாது. அடுத்த கயிறு இறங்குவதற்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாய். களைப்பாறுகிறாய் என்று மேலே நினைத்தார்களாம். பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததாம்.

விளக்குக்கு வேண்டியது ஆக்ஸிஜன் மட்டும். அது குறைந்தால் அணையும். இன்ஜின் கக்கிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைக் கொல்லும் அளவுக்கு அது இருந்தாலும் சுடர் ஆடாமல் நிற்கும். ரத்தத்தில் ஏறிக்கொண்டு மூச்சுக்காற்றுக்கு இடமே விடாது. அதனால்தான் பெட்டியில் உன் முகம் அப்படிச் சிவந்து, சொன்னால் நம்பமாட்டாய், அழகாக இருந்தது. "எம்புள்ள தூங்குறான், எந்திரிக்கச் சொல்லுங்க" என்று அம்மா உன் கன்னத்தில் மாறி மாறி அறைந்தது. நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

ஓடைப்பட்டியில் அந்த விளக்கைப் பார்த்ததும் எனக்குள் எதுவோ அறுந்தது. பெட்ரோல் கிடக்கும் கிணற்றுக்குள் நெருப்பை இறக்குகிறார்களே என்ற கோபம் பாதி. மீதி உன் மேல். பெரியவரிடமிருந்து கயிற்றைப் பிடுங்கி, விளக்கை மேலே இழுத்து, திராட்சைப் பந்தலின் கல்தூணில் ஓங்கி அடித்தேன். சில்லு தெறித்து என் புறங்கை கிழிந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்த அந்த நேரத்தில் செல்வம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் காலை வைத்துவிட்டான். சட்டையைப் பிடித்தேன், கிழிந்தது. முடியைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் உருண்டோம். என் வயிற்றில் உதைத்தான். "எங்கண்ணன்டி, விடுறி" என்று கத்தினான். என் ஆட்கள் அவனைக் கல்தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். முடிச்சு மணிக்கட்டை அறுக்கிறதா என்று குனிந்து பார்த்தபோதுதான் முட்டினான்.

வாய் நிறைய ரத்தம். துப்பிவிட்டு முகமூடியை மாட்டினேன். நீ கேட்பாய், நீ ஏன் இறங்கினாய், ஆள் இல்லையா என்று. இருந்தார்கள். கண்ணன் என்கூட இறங்கினான். ஆனால் நிறுத்திவைத்தவள் நான்; இறங்க வேண்டியவளும் நான்தான் என்று தோன்றியது. முகமூடிக்குள் என் ரத்தத்தை நானே விழுங்கிக்கொண்டு கீழே போனேன்.

முருகன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், அண்ணே. உன்னைப்போலவே.

மேலே கொண்டுவந்து வெகுநேரம் நெஞ்சை அழுத்தினோம். விலா எலும்பு கைக்குக் கீழே முறிவது தெரிந்தது. உயிர் வரவில்லை. அவன் மனைவி என் கழுத்தில் பாய்ந்தாள். நகம் பதிந்த இடம் இன்னும் எரிகிறது. "நின்னு நின்னு கொன்னுட்டியேடி" என்றாள். தூணில் கட்டியிருந்தவனை என் ஆட்கள் அவிழ்த்துவிட்டார்கள்.

நிலையத்துக்குத் திரும்பிக் கயிறுகளை வெயிலில் விரித்தோம். டீ வந்தது. உன் பழக்கத்தை நாங்கள் இன்னும் விடவில்லை. ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும், டீ கிளாஸ் கையில் இருக்கும்போதே, ஆளுக்கு ஒரு தப்பைச் சொல்ல வேண்டும்; பெரிய ஆள் முதலில். "எவன் என்னத்தக் கிழிச்சான்னு கேக்கல. எங்கன சொதப்புனோம்னு சொல்லுங்கடா" என்று நீ தொடங்குவாய்.

கம்பத்துக்குப் பக்கத்தில் தென்னை நார் ஆலை எரிந்தபோது, அணைந்துவிட்டது என்று நினைத்து நார்த்தூள் குவியலின் மேல் ஏறினாயே. மேலே சாம்பல், உள்ளே கனல். முழங்கால் வரை புதைந்து, பூட்ஸோடு தோலும் கழன்று வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி எல்லோரையும் நிற்கவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "குச்சிய விட்டுப் பாக்காமக் கால விட்டேன். அதான் தப்பு" என்றாய். கால் ஆறியதும் விடுமுறை நாளில் அதே ஆலைக்குப் போய், குவியல் எப்படி உள்ளே புகையும், எந்தப் பக்கமிருந்து கிளற வேண்டும் என்று வேலையாட்களிடம் கேட்டுக்கொண்டு வந்தாய். தலை நரைத்த பிறகும் பாடமா என்று கேட்டேன். "தீ மட்டும் புதுசு புதுசா வருதுல்ல, ஏத்தா" என்றாய்.

ஓடைப்பட்டியிலிருந்து வந்த அன்று முதலில் சொல்ல வேண்டியவள் நான். சொன்னேன்: "செல்வத்தைக் கட்டச் சொன்னேன். எதுக்குக் கட்டுறேன்னு சொல்லல." தன் முறை வந்ததும் கண்ணன் டீயைக் கீழே ஊற்றினான்.

பத்தாம் நாள் காரியம் முடிந்து செல்வம் நிலையத்துக்கு வந்தான். மொட்டை அடித்திருந்தான். மணிக்கட்டில் கயிற்றுத் தடம். அடிக்க வந்திருக்கிறான் என்று என் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். அவன் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் எறங்கியிருந்தா எங்கண்ணன் பொழச்சிருப்பானா?"

தெரியாது என்றேன். வண்டி வருவதற்கு முன்பே அவன் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதையும், அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதையும் சொன்னேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: இறங்கியிருந்தால் இரண்டு பிணம். விளக்கு ஏன் அணையவில்லை என்று, டீசல் வாசனை அடிக்கும் அந்த வண்டிக் கொட்டகையில் வைத்து அவனுக்கு விளக்கினேன். எப்படித் தெரியும் என்று கேட்டான். உன் பெயரைச் சொன்னேன். கும்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. போய்விட்டான்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உன் கடைசி அழைப்புக்கு மட்டும் யாரும் தப்புச் சொல்லவில்லை. அன்று டீயே வரவில்லை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் மாலை, படம், வீரமரணம் என்கிற வார்த்தை. அந்த வார்த்தைக்குப் பின்னால் விளக்கு மறைந்துபோனது. மறைந்த விளக்கைத்தான் அந்தப் பெரியவர் ஓடைப்பட்டியில் இறக்கினார்.

வருகிற வாரம் தேனியில், புதிதாகப் பணியில் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கிணற்று மீட்பு பற்றி நான் பேச வேண்டும். மேலதிகாரி, உன் வீரத்தைச் சொல்லித் தொடங்கச் சொன்னார். உன் தப்பைச் சொல்லித் தொடங்கப்போகிறேன் என்று உன் வீட்டுக்குப் போய்ச் செசிலி மதினியிடம் சொன்னேன். சொம்பு பறந்து வந்தது. குனிந்துவிட்டேன்.

"ஊருக்காகச் செத்தாகன்னு சொல்லித்தான நான் இத்தன நாளும் தல நிமுந்து நடக்கேன்" என்றது மதினி. "அவுக கூறுகெட்டுப்போயிச் செத்தாகன்னு நீயே சொல்லுவியா? கூடப் பொறந்தவ பேசுற பேச்சா இது?"

பேச்சு நின்றது. கல்லறைத் திருநாளன்றுதான் மறுபடி பார்த்தோம். பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டம் முழுக்கக் கூட்டம். காற்று அடித்துக்கொண்டிருந்தது, எல்லாருடையதும் அணைந்து அணைந்து எரிந்தது. உன் சிலுவைக்குக் கீழே, கல் மறைவில் நான் வைத்தது மட்டும் நேராக, அசையாமல் நின்றது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. மதினி என் முகத்தைப் பார்த்தது, சுடரைப் பார்த்தது. பிறகு இரண்டு விரலால் அதை நசுக்கி அணைத்தது.

"இந்த மாதிரித்தான் எரிஞ்சுச்சா?"

ஆமாம் என்றேன்.

"இன்னொருத்தி வீட்டுக்கும் இது வேணாம். போய்ச் சொல்லு. நானும் வருவேன், முன்னாலதான் உக்காருவேன். அவுகளக் கேவலமா ஒரு வார்த்த சொன்ன, செருப்பு பறக்கும்."

அண்ணே, உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. காலை விடுவதற்கு முன் குச்சியை விட்டுப் பார் என்று எங்களுக்கெல்லாம் சொன்னவன், அந்தத் தாயின் அழுகைக்கு முன்னால் அதை எப்படி மறந்தாய்? கேட்டால் பதில் சொல்வாயா, சல்யூட் அடித்து மழுப்புவாயா?

சரி, இப்போது வாக்குக் கொடுக்கிறேன். அந்தப் பிள்ளைகள் கையில் டீ கிளாஸைக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன். அன்றைக்கு நீ சொல்ல வேண்டியதை உனக்குப் பதிலாக நான் சொல்வேன்: "விளக்கை நம்பினேன். செட்டை மாட்டவில்லை. அதுதான் தப்பு." அடுத்ததாக என் தப்பு. அதற்குப் பிறகு அவர்கள் முறை. பல் இன்னும் கட்டவில்லை, கொஞ்சம் காற்றோடுதான் வார்த்தை வரும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். முன் வரிசையில் மதினி உட்கார்ந்திருக்கும்.

மேடமாக அதட்டியதைவிடத் தங்கையாக உன்னை அதிகமாக அதட்டிய,
உன் கூடப்பிறந்தவள்,
லூர்து