கருமுட்டை உடைந்துவிடுமாம்

ஜூன் 9, 1997, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆபீசுக்கு அரை நாள் லீவு. கழுத்துக் கட்டியின் ரிசல்ட் வாங்க அப்பா, அம்மா, நான். புற்றுநோய்தான். நெஞ்சுக்குள்ளும் ஒரு கட்டி இருக்கிறதாம். "குணமாகிற வகைதாம்மா," என்றார் டாக்டர். சீக்கிரம் மருந்து ஏற்ற வேண்டும். அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஆவணியில கல்யாணம் வெச்சிருக்கோமே, முடி கொட்டுமா?"

வரும் வழியில் பால், கொத்தமல்லி. அப்பா எப்போதும் போல பேரம் பேசினார்.

ஜூன் 11, புதன்

ரத்தப் பரிசோதனை. பிறகு டாக்டரிடம் எனக்கு முன்னால் போன இளைஞருக்கும் இதே நோய். கதவு திறந்தே இருந்தது. மருந்துக்கு முன்னால் பெங்களூர் போய் விந்தைச் சேமித்து வைத்துவிடச் சொல்லி, அவர் அப்பாவிடம் டாக்டர் கன்னடத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு நானே கேட்டேன்.

"எனக்குக் குழந்தை பிறக்காம போகுமா?"

"போகலாம். கல்யாணம் ஆகாத பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"என் கருமுட்டையை எடுத்து வைக்க முடியாதா?"

"உறைய வெச்சா உடைஞ்சுடுதும்மா. இன்னும் சரியா கைகூடலை. கருவா இருந்தா வைக்கலாம், சென்னையில செய்யறாங்க. அதுக்கு ஹஸ்பெண்ட் வேணும்."

ஜூன் 12, வியாழன்

எனக்கு நிச்சயமாகியிருக்கும் முரளியை குக்கரஹள்ளி ஏரிக்கு வரச் சொன்னேன். எல்லாம் சொன்னேன். அவர், "ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணத்துல தாலி கட்டிடறேன். நேரா சென்னைக்குப் போயிடலாம்."

ஸ்கூட்டரில் திரும்பும்போது சத்தமாகச் சிரித்தேன். நோய் வந்தவள் சிரிக்கிற சிரிப்பா அது?

எஸ்.டி.டி. பூத்திலிருந்து சென்னைக்குப் பேசினேன். கருமுட்டை வளர இரண்டு வாரம் போல ஊசி. நம் டாக்டர்: "மூச்சு திணறாத வரைக்கும் மருந்தைத் தள்ளிப்போடலாம்."

எடுத்துப்போக: அரக்குப் புடவை, எக்ஸ்ரே, துண்டு. ஸ்வெட்டர் வேண்டாம், சென்னை!

ஜூன் 14, சனி

முரளி வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே.

"அம்மா ஒத்துக்கலை. வைத்தியம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்னு..."

"அப்புறம் ஒண்ணும் இருக்காதுங்க."

எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். "தாலி வேண்டாம். சென்னைக்கு மட்டும் வாங்க. அப்புறம் உங்களை எதுவுமே கேட்க மாட்டேன்."

யாரோ தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பைத்தியமா உனக்கு? நாளைக்கு அந்தக் குழந்தைக்கு நான் யாரு?"

நியாயமான கேள்வி. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் ஸ்கூட்டரை உதைத்தார்.

ராத்திரிக்கு உப்புமா. யாரும் சாப்பிடவில்லை.

ஜூன் 16, திங்கள்

படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி எழுதுகிறேன். நாளை அட்மிட் என்று அப்பா போனில் சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்?

வேறு யாராவது கிடைப்பார்களா, ஒரே வாரத்தில், என்று அம்மாவிடம் உளறினேன்.

"குழந்தையை விடுடி. எனக்கு நீ வேணும்."

"நானும் அப்படிச் சொல்ல எனக்குன்னு ஒரு குழந்தை வேணும்மா."

அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

மழை. ஜன்னல் ஓரக் கட்டில். நர்ஸ் கன்னடத்தில், "மதுவெ ஆகிதியா?" கல்யாணம் ஆகவில்லை என்றேன். தமிழுக்கு மாறினாள். "நல்லதாப் போச்சு. வீட்டுல குழந்தையை விட்டுட்டு வர்றவங்க படற பாடு இருக்கே!" ஆறுதலாகத்தான் சொன்னாள். கையைத் தடவி நரம்பு தேடினாள்.

மருந்து சிவப்பு. ரோஸ்மில்க்கை விட அடர்த்தி. அப்பா வராந்தாவுக்குப் போய்விட்டார். "கண்ணை மூடிக்கோம்மா," என்றாள் அம்மா. மூடவில்லை. குழாய் வழியே அது இறங்கி இறங்கி என் கைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.