காலைத் தொட்டவள்

மார்ச் 5, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கோயில் சாலையில் ஈ காக்கை இல்லை. கடையில் லாபிங் நூடுல்ஸ் பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டது. "உன் மூஞ்சியைப் பார்த்தே ஓடிடறாங்கடி, மிளகாய் விழுது வேற எதுக்கு?" என்றாள் பக்கத்துக் கடை யூடோன் அக்கா. அவளுடைய மோமோவும்தான் சட்டியிலேயே கிடந்தது. சொன்னேன். சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தால் நூரியா. செவ்வாயும் வெள்ளியும் வயதானவர்களுக்குக் கை கால் பிடித்துவிட வருகிற வெள்ளைக்காரி. ஊர் எங்கோ பார்சலோனாப் பக்கம். சம்பளமும் இல்லாமல் மூன்று வருடமாக இந்த மலையிலேயே கிடக்கிறாள். அப்பாவின் கால் அவள் மடியில் இருந்தது. நான் கதவைத் திறந்ததும் அப்பா சட்டென்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

எனக்கு நாற்பத்தைந்து வயது. அப்பாவின் பாதத்தை நான் பார்த்ததே இல்லை. ஐம்பத்தொன்பதில் திபெத்திலிருந்து கணவாயைத் தாண்டி வரும்போது பனியில் விரல்கள் போய்விட்டன என்று தெரியும், அவ்வளவுதான். நல்ல கோடையிலும் காலுறை. கேட்டால், "காலுல என்னடி இருக்கு பார்க்க?" என்பார்.

அவளிடம் மட்டும் என்ன இருக்கிறதாம் காட்ட?

மார்ச் 12

அப்பாவுக்குச் சளி. ஆனாலும் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கோயில் மலையைச் சுற்றிவிட்டுத்தான் வந்தார். "ஒரு நாள் சுத்தலேன்னா புத்தர் கோவிச்சுக்குவாரா?" என்றேன். "அவர் கோவிச்சுக்க மாட்டார். நான் கோவிச்சுக்குவேன்" என்றார். இவரிடம் பேசி ஜெயிக்க முடியுமா.

மார்ச் 19

அப்பா போய்விட்டார்.

மார்ச் 21

எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

செவ்வாய் மதியம் கடையில் இருந்தேன். நூரியா போன் செய்தாள், ஓடினேன். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அப்பாவின் இரண்டு பாதங்களையும் போர்வைக்குள் கைவிட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு. "எப்போ?" என்றேன். "கொஞ்ச நேரமாச்சு. தனியா விட மனசு வரலை" என்றாள்.

கொஞ்ச நேரமாம்! அவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்! மூச்சு நின்றபின் லாமா வந்து ஓதி, உயிரை உச்சந்தலை வழியாக அனுப்பிவைக்கும்வரை யாரும் உடம்பைத் தொடக்கூடாது. தொட்ட இடத்தைத் தேடி உயிர் வரும். தலை வழியே போனால் நல்ல பிறவி. கால் வழியே போனால் — எழுத மாட்டேன்.

"விடு! காலை விடுடி!" என்று கத்தினேன். அவளுக்குப் புரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. "மூணு வருஷமா எங்க வெண்ணெய் டீயைக் குடிச்சியே, இதுகூடத் தெரியாதா? போ வெளியே. இந்த வாசப்படி மிதிக்காதே!"

லாமா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "ம்" என்றார். ஓத உட்கார்ந்துவிட்டார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்?

பிறகு ஜோசியர் எங்கள் பஞ்சாங்கத்தைக் கணித்துச் சொன்னார்: குரங்கு வருடத்தில் பிறந்தவர்கள் உடலைத் தொடக்கூடாது. நான் குரங்கு வருடம். யார் யாரோ குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றினார்கள். நான் வாசலில் நின்றேன். பெற்ற மகள், வாசலில்.

மார்ச் 25

முதல் வாரப் பூஜை. டொரண்டோவிலிருந்து தம்பி சம்பேல் பேசினான். "அம்பது வருஷம் மாலை உருட்டின மனுஷன். ஒருத்தி காலைப் பிடிச்சா அத்தனையும் கரைஞ்சு போயிடுமா?" "நீ அங்க உக்காந்துகிட்டு சொல்லு, உனக்கென்ன" என்று போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஒரு தெருநாய் கடை முன்னால் வந்து படுத்தது. என்னையே பார்த்தது. யூடோன் அக்காவிடம் ஒரு தட்டு மோமோ வாங்கி அதற்குப் போட்டேன். எப்போதும் வம்பு பேசுகிறவள், காசுகூட வாங்கவில்லை.

ஏப்ரல் 9

நூரியா சாலைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போய்விட்டாள்.

"ஏண்டி, அவ தொட்டுட்டான்னு கோவமா, இல்ல உன்னைத் தொட விடலைன்னு கோவமா?" என்றாள் யூடோன் அக்கா. "உன் நாக்கு அழுகிப் போகும்" என்றேன்.

ஏப்ரல் 10

அவள் சொன்னது உண்மைதான். பொறாமை. செத்துப்போன எண்பது வயது மனுஷனின் காலுக்காகப் பொறாமை. தூ.

ஏப்ரல் 28

நூரியா எந்த வீட்டுக்கும் போவதில்லையாம். கிழவர்கள் எல்லாம் முட்டியைப் பிடித்துக்கொண்டு "எங்கே அந்தப் பொண்ணு?" என்று கேட்கிறார்களாம். யூடோன் அக்கா யாரோ சொல்லிக் கேட்டது: தினமும் கோயிலில் அப்பா பேரில் விளக்கு ஏற்றுகிறாளாம், அடுத்த வாரம் ஊருக்கே திரும்பப் போகிறாளாம். போகட்டுமே. எனக்கென்ன.

எனக்கென்ன என்று எழுதினால் ஆயிற்றா?

மே 6

நாற்பத்தொன்பதாம் நாள். எல்லாம் முடிந்தது. இதற்குள் எங்கேயோ பிறந்திருப்பார். எங்கே?

மே 8

நூரியாவின் அறைக்குப் போனேன். பெட்டி பாதி கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோரம் நின்றுகொண்டாள், அடி வாங்கப் போகிறவள் மாதிரி.

"எனக்குத் தெரியாது நோர்சோம் அக்கா. சத்தியமாத் தெரியாது. சில்லுனு இருக்கு, பிடிச்சுக்கோன்னு அவரே சொன்னார். அப்புறம்... எப்போ விடறதுன்னு தெரியலை."

நான் அதைக் கேட்க வரவில்லை. "ஏன் உன்கிட்ட மட்டும் காட்டினார்?" என்றேன்.

அவள் ரொம்ப யோசித்தாள். "புண்ணு இருந்தது அக்கா. ரெண்டு வருஷமா. ஆறும், திரும்ப வரும். நான்தான் கழுவிக் கட்டுவேன். உங்களுக்குத் தெரிஞ்சா மலை சுத்தப் போகவிட மாட்டீங்கன்னு சத்தியம் வாங்கிட்டார். 'அவ என் பொண்ணு இல்லை, என் ஜெயிலர்'னு சொல்லிச் சிரிப்பார்."

சிரிப்பு வந்துவிட்டது. விட்டிருக்க மாட்டேன்தான். வாசலில் குறுக்கே படுத்திருப்பேன். நான் மறித்திருப்பேன், இவள் நடக்கவைத்திருக்கிறாள். இந்த இரண்டு வருடமும் அப்பா சுற்றிய சுற்றெல்லாம் இவள் கட்டிவிட்ட காலால்தான். கால் வழியாகவே போயிருக்கட்டுமே. கெட்ட இடத்துக்கு நடந்த காலா அது?

"நான் பேசினது தப்பு" என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன், ஒளிக்காமல்.

பிறகு கேட்டேன்: "எப்படிப் பிடிச்சுவிடுவே? காட்டு."

எங்களில் யாரும் அடுத்தவர் முகத்துக்கு நேரே கால் நீட்ட மாட்டோம். கூசத்தான் செய்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நீட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டாள். குதிகாலில் ஆரம்பித்து, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தி அழுத்தி மேலே வந்தாள். பாதத்தின் நடுவைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். மறுபடி குதிகால், மறுபடி அதே இடம். என் ஐந்து விரல்களையும் அவள் தொடவே இல்லை. அது அவளுக்கே தெரியவில்லை, கைப்பழக்கம்.

அவள் கை நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கால் அங்கேதான் முடிந்திருக்கிறது.