ஊதாக் கோடுகள்

மே 4, ஞாயிறு

மறுபடியும் கோடுகள். முதலில் திரையின் இடது ஓரத்தில் மட்டும், ஊதா நிறத்தில். பிறகு முழுக்க. பிறகு கறுப்பு. சேமிக்காத வேலை போயிற்று. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் முழுவதும் நட்டு முடித்திருந்தேன்.

இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி அண்ணன் கல்லூரி நாளில் கேம் ஆட வாங்கியது. தை மாதம் அவனுக்குக் கல்யாணம் ஆனதும் என் அறைக்கு வந்தது, பழைய கட்டிலைத் தள்ளிவிடுவதுபோல. நான் இதில் ஆடவில்லை. கேம் ஒன்றை உருவாக்குகிறேன். வறண்ட கண்மாயில் ஒரு பெண் நடக்கிறாள். அவ்வளவுதான். பெங்களூரில் ஒரு சிறிய நிறுவனம் இதைத் தேர்வாகக் கேட்டிருக்கிறது. மாதக் கடைசிக்குள் அனுப்பினால் வேலை கிடைக்கலாம். அனுப்பாவிட்டால் — இதே ஊர், பரளச்சிதான்.

மே 6, செவ்வாய்

பெட்டியைத் திறந்து ராம் மெமரியைக் கழற்றி, அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஓடியது. மகிழ்ந்தேன். அணைந்தது.

மே 9, வெள்ளி

பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் போனேன். கண்டக்டர், "என்னம்மா, கிரைண்டரா?" என்றார். ஆமாம் என்றேன்.

கம்ப்யூட்டர் கடை பாசித் இருப்பதிலேயே கனமான கார் பந்தயத்தைப் போட்டுச் சாயங்காலம் வரை ஓட்டினான். ஒரு கோடு இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல அத்தனை அடக்கம்.

"ஒங்க பெட்டிக்கு எங்கடைதான் பிடிச்சிருக்கு போல, அக்கா. விட்டுட்டுப் போங்க, நான் ஆடிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோதித்துப் பார்க்க அவனுடைய மானிட்டர் ஒன்றையும் கொடுத்தனுப்பினான்.

வீட்டில் மாட்டினேன். அவன் மானிட்டரிலும் கோடுகள்.

மே 10, சனி

அண்ணன் வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னான். "கிராபிக்ஸ் கார்டு செத்துருச்சு. பழசுல்ல? விடு. படம் பாக்கணும்னா போன்ல பாரு."

போன்ல பாரு. நான் படம் பார்க்கிறேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய புது ஏசி உறுமுகிறது. சித்திரை வெயிலுக்கு மாட்டியது. இந்த வீட்டில் புதிதாக வருவதெல்லாம் அந்தப் பக்கம்தான் போகிறது.

மே 13, செவ்வாய்

காரணம் இல்லாமல் காரியம் இல்லை. தத்துவத்தில் எம்.ஏ. வாங்கியவளுக்கு இதாவது தெரிய வேண்டும். ராம் இல்லை. மானிட்டர் இல்லை. கார்டு என்றால் பாசித் கடையில் எப்படி ஓடியது? என்னைக் கண்டால்தான் அதற்கு ஆகவில்லையா?

மின்விசிறிகூடச் சில நேரம் தூங்கித் தூங்கிச் சுற்றுகிறது. வெயில் எல்லாவற்றையும் சோம்பேறியாக்கிவிட்டது.

மே 15, வியாழன்

இன்று பொத்தானை அழுத்தினால் உயிரே வரவில்லை. சுவரில் குத்தினேன். கை வீங்கியது. சுவருக்கு ஒன்றுமில்லை.

மே 17, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

காலையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா மண்வெட்டியோடு கத்திரித் தோட்டத்துக்குப் போனார். கிணற்றடியில் மோட்டார் சத்தம். என் தலைக்கு மேல் மின்விசிறி தளர்ந்தது. கோடுகள். கறுப்பு. மோட்டார் நின்றதும் பொத்தானை அழுத்தினேன். திறந்தது.

வெளியே வந்து பார்த்தேன். என் ஜன்னலுக்கு மேலிருந்து ஒரு புது வயர் வேப்பமரத்தைத் தாண்டி மோட்டார் ரூமுக்குப் போகிறது. விவசாயத்துக்கென்று இலவசமாகக் கொடுத்த, வீட்டுக்கு இழுக்கவே கூடாத லைன் அது.

தோட்டத்துக்கு ஓடினேன். அப்பா நிமிரக்கூட இல்லை.

"ஏசி போட்டா வீட்டு லைன் லோடு தாங்காதுன்னு எலெக்ட்ரீசியன் சொன்னான். அதான் ஒன் ரூம மட்டும் கெணத்து லைன்ல மாத்தி விட்டோம்."

"எங்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"ஆவணியில போற பிள்ளைக்குத் தனி லைனு எதுக்கு?"

ஆவணியில் போகிறேனா? எங்கே? யாரோடு?

அம்மா அரிசி களைந்தபடி சொன்னாள்: "பாலவனத்தத்துல ஒரு இடம். பேசிக்கிட்டுதான் இருக்காக."

பேசிக்கிட்டு இருக்காக. அந்த வயருக்குத் தெரிந்திருக்கிறது, நான் போகப்போகிறவள் என்று. எனக்குத்தான் தெரியவில்லை.

மே 18, ஞாயிறு

சாப்பிடவில்லை. யாரும் இரண்டாம் முறை கூப்பிடவில்லை.

பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கிவந்து வீட்டு லைனில் மாட்டினேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. டிரிப். வீடு முழுக்க எல்லாம் நின்றது. அண்ணன், "ஏய், எவ வேல இது?" என்று கத்தினான். என் வேலைதான். அதைத்தான் செய்ய விடமாட்டேன் என்கிறீர்கள்.

அப்பாவிடம் பகலில் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். "செடி காஞ்சா நீ வந்து தண்ணி சொமப்பியா?" கத்திரிச் செடி மேல் எனக்குக் கோபம் இல்லை. கிணற்று லைனில் கரண்ட் வருவதே சில மணி நேரம்தான்; மோட்டார் நிற்கும் நேரத்தில் பெரும்பாலும் அதுவும் இருப்பதில்லை. பிறகு நான் எப்போதுதான் —

மே 19, திங்கள்

அண்ணன் விருதுநகருக்கு வேலைக்குக் கிளம்பியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் அறை வாசலில் போய் நின்றேன். சண்டை போடத்தான் போனேன். வாக்கியங்கள்கூடத் தயார்.

முருகலட்சுமி மதினி கதவைத் திறந்தாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய் ஏசியை அமர்த்தினாள்.

"கனமா இருக்கும்ல யுவா, உள்ள கொண்டா. ஒண்ணு ஓடுனா ஒண்ணு ஓடாது, அவ்வளவுதான?"

நான் தயார் செய்த வாக்கியங்கள் வீணாயின. இருவரும் வேர்வையில் நனைந்தோம். திரையில் நடப்பவளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"இந்தப் பிள்ளை எங்க போகுது?"

"தெரியல மதினி."

"போகட்டும்."

தை மாதம் வந்தவள். அவளிடம் நான் இதுவரை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

மே 21, புதன்

அண்ணன் சீக்கிரம் வந்துவிட்டான். "ஏசிய யாரு அமத்துனது?"

என் வாய் திறப்பதற்குள் மதினி: "நான்தான். கதவச் சாத்திட்டுப் போங்க, அனல் அடிக்குது."

சாத்திவிட்டுப் போனான்!

மே 30, வெள்ளி

அனுப்பிவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

பெங்களூரிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவிடம் கேட்கவில்லை, சொன்னேன். "பாலவனத்தத்துக்காரகளுக்கு என்ன பதில் சொல்ல?" என்றார். லைன் மாறிவிட்டது என்று சொல்லுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பெங்களூர், விடுதி அறை. இங்கே மின்விசிறி ஒரே வேகத்தில் சுற்றுகிறது. அடிக்கடி நிமிர்ந்து பார்க்கிறேன், நம்பாமல்.

அப்பா இன்னும் பேசுவதில்லை. அம்மா பாலவனத்தத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

மதினி போன் செய்தாள். பெட்டி அவள் அறையிலேயே இருக்கிறதாம். கோடு ஏதும் விழுகிறதா என்று கேட்டேன். பதில் வருவதற்குள் பின்னாலிருந்து அண்ணன் குரல்.

"வேர்த்து ஊத்துதுடி, ஏசியப் போடேன்."

"கொஞ்சம் பொறுங்க. இப்பத்தான் கண்மாயத் தாண்டுறேன்."