மிச்சமிருந்த பதினொரு துண்டு

அனுமந்தன்பட்டி
பகுதானிய வருஷம் மாசி 19 (3-3-1939)

கண்டிச்சீமையில் இருக்கும் சௌபாக்கியவதி மகள் முத்துப்பேச்சிக்கு அப்பா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளை கோட்டைச்சாமியும் பச்சைப்பிள்ளையும் அந்தத் தேயிலை மலைக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வீரபாண்டி கௌமாரி துணை நிற்கட்டும். இங்கே யாவரும் சுகம் என்று அடுத்தபடி எழுத வேண்டும், போன நாலு கடிதத்திலும் அப்படித்தான் எழுதினேன், இந்தத் தடவை கை வரவில்லை. பிள்ளையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து படி ஆத்தா.

உன் அம்மா இப்போது இல்லை. ஐப்பசி பதினொன்றாம் தேதி காலையில் குளிர்காய்ச்சலில் போய்விட்டாள். உத்தமபாளையத்தில் கொயினா மருந்து வாங்கி வந்து ஒன்பது நாள் கொடுத்தும் காய்ச்சல் நிற்கவில்லை. நீ அப்போது ஆறு மாதம். பிள்ளைத்தாய்ச்சி காதில் சாவுச் சேதியைப் போடுவது நம் பக்கத்து வழக்கமில்லை, அது உனக்கும் தெரியும். உன் சின்னம்மா சுப்புத்தாய், கடல் தாண்டி இருக்குற வயித்துப்பிள்ளக்காரிக்கு இத எழுதி என்னத்தக் காணப் போறீக, பெத்துப் பொழச்சு எந்திரிக்கட்டும், பெறகு சொல்லுங்க என்றாள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. காரியத்தில் மகள் செய்ய வேண்டியதையெல்லாம் அவளே செய்தாள்.

ஆனால் நீ ஒவ்வொரு கடிதத்திலும் அந்த ஒட்டுப்போர்வையைக் கேட்டாய். பழைய சேலை வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து உன் பிள்ளைக்கென்று அவள் தைத்துக்கொண்டிருந்தது. எழுபத்திரண்டு துண்டில் பத்துப் பன்னிரண்டுதான் மிச்சம் என்று புரட்டாசியில் அவள் சொல்லச் சொல்ல நான்தான் உனக்கு எழுதினேன். பிறகு ஏன் வரவில்லை என்று நீ கேட்டபோது எனக்கு வேறு பொய் வாயில் வரவில்லை. உன் அம்மாவுக்குச் சோம்பல் வந்துவிட்டது, கேட்டால் நாளைக்கு நாளைக்கு என்கிறாள் என்று எழுதினேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை எழுதினேன். களை எடுத்துவிட்டு வந்த இடுப்பு வலியோடு மாவாட்டி வைத்துவிட்டுப் படுக்கிறவள் மேல், அவள் செத்த பிறகு, அந்தப் பழியைப் போட்டேன். போன வாரம் உன் கடிதம் வந்தது. பிள்ளை குளிரில் விறைக்கிறது, அம்மாவுக்குப் பேத்தி மேலே அக்கறை இல்லை, இனிமேல் அந்தப் போர்வையும் வேண்டாம் அவள் பேச்சும் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். களத்தில் நின்று படித்தேன். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

தையிலேயே நீ பெற்றுப் பிழைத்த சேதி வந்துவிட்டது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். அறுப்பு முடியட்டும், பசு கன்று போடட்டும் என்று தள்ளினேன். போர்வையை முடித்து அதோடு சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன், ஆனால் அது இருந்த பெட்டியைத் திறக்கவே இல்லை. திறந்தால் முடிக்க வேண்டும், முடித்தால் சொல்ல வேண்டும். இப்படி இருக்கையில் உங்கள் தோட்டத்துக் கங்காணி ஒச்சாண்டி வந்து, வெள்ளிக்கிழமை கண்டிக்குப் புறப்படுறேன், பேச்சிக்குக் கொடுக்க ஏதும் உண்டா என்று கேட்டார். அன்றைக்குத்தான் திறந்தேன். அவள் விட்ட இடத்தில் நூல் கோத்த ஊசி குத்தினபடியே துருப்பிடித்து இருந்தது. அதை உருவவே எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

எனக்குத் தெரிந்த தையல் நெல்மூட்டை வாய் தைப்பதுதான். மூன்று நாள் வெற்றிலைகூடப் போடாமல் மிச்சமிருந்த பதினொரு துண்டையும் அப்படியே தைத்தேன். சுப்புத்தாய் பார்த்துவிட்டு, போர்வையா அத்தான் இது, சாக்கு மாதிரியில்ல இருக்கு என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அவள் கிழித்து வைத்திருந்ததில் ஒரு துண்டு குறைந்தது. அம்மாவின் சேலைகளை வண்ணாத்தியிடம் கொடுத்தபோது நாவல்பழக் கலர் சுங்குடியை மட்டும் யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்திருந்தேன், அதில்தான் வெட்டினேன். இறந்தவர் துணியை வீட்டில் வைத்தது ஊரில் தெரிந்தால் தப்பென்பார்கள், சொல்லட்டும்.

தையலைப் பார்த்ததும் இது அம்மா கை இல்லை என்று உனக்குத் தெரிந்துவிடும். யாரும் சொல்லாமல் துணியைப் பார்த்து நீ தெரிந்துகொள்ளக்கூடாது என்றுதான் கடிதத்தை முந்தித் தபாலில் போடுகிறேன். ஒச்சாண்டி போர்வையோடு மண்டபம் காம்பில் நோய்ச் சோதனைக்கு நாள் கணக்கில் தங்கி வருவதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். வேண்டியமட்டும் அழு ஆத்தா, ஆனால் பட்டினி கிடக்காதே, பால் கொடுக்கிற உடம்பு. கருவாடும் பூண்டும் சேர்த்துக்கொள். மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

பேத்திக்கு ஆயுசு நூறு. நீங்கள் இருவரும் குறையில்லாமல் வாழ வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. போர்வையில் அவள் கடைசியாகத் தைத்த துண்டு, ஓரத்தில் இருக்கும் என் பழைய தலைப்பாகைத் துணி; அதில் தையல் கொஞ்சம் கோணியிருக்கும். காய்ச்சல் வந்த முதல் நாள், உடம்பு நடுங்க நடுங்கத் தைத்தது. படுடி என்று நான் சத்தம் போட்ட பிறகுதான் ஊசியைக் குத்தி வைத்தாள். நாளைக்கு என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை பேச்சி, சொன்னது நான்தான்.

இப்படிக்கு
உன் அப்பா
சீனிச்சாமி