கையெழுத்துக்குப் பையன், அடைப்புக்குப் பொண்ணு

என்னங்க, நீங்க போனை எடுக்கலை, அதான் மெசேஜ் அனுப்பறேன். சாப்பாடு ஃபிரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. நான் பொண்ணைக் கூட்டிக்கிட்டு பேங்க்குக்குப் போறேன். பத்து வருஷமா பேத்தியை என்கிட்ட விட்டுட்டு உங்களோட பிளம்பிங் வேலைக்கு வந்தது அவ. நேத்து தொழிலுக்குன்னு புதுக் கணக்கு திறந்தீங்களே, செக்குல கையெழுத்துப் போட பையனையா சேர்ப்பீங்க? அவனுக்கு ஸ்பேனர் எது, சோத்துக்கரண்டி எதுன்னாவது தெரியுமா? கேட்டா, “அவ இன்னொரு வீட்டுக்குப் போனவ”ங்கறீங்க. போனவ எதுக்குங்க தினம் விடியக்காலையில உங்க வண்டியில ஏறினா? இன்னிக்கு அவ பேர்லயே தனியா தொழில் கணக்கு திறக்கறோம்.

வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுல.

சொல்ல மறந்துட்டேன், டாக்டர் வீட்டு பாத்ரூம்ல அடைப்பாம், மூணு மணிக்கு வரச் சொன்னாங்க. கையெழுத்துப் போடறவனையே அனுப்புங்க.